எலுமிச்சம்பழத்தைத் தாண்டிய கார்

பிறர் ஓட்டிய கார்தான், ஆனால் எங்களுக்குப் புதிது. தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் பூசை போடாமல் அதில் ஏறமாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டாள். அவளுடைய தம்பிதான் அங்கே ஓட்டி வந்தான். தொழிற்சாலை பஸ் ஓட்டுபவன்.

சாலை லேசான இறக்கம். ஐயர் நம்பர் தகட்டில் சந்தனம் குழைத்துப் பூசினார். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். சூடத் தட்டோடு மனைவி காருக்கு எதிரே நின்றாள்.

"ஏறி உட்காருங்க. சொல்றப்ப முன்னால விடுங்க" என்றார் ஐயர்.

உட்கார்ந்தேன். சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு பேர் பார்த்தாலே எனக்குக் கை கால் ஓடாது. பிரேக்கை மிதிப்பதும் விடுவதுமாக இருந்தேன். சூடம் எரியும்போது கார் புகை விடக்கூடாது என்று நானாகவே நினைத்து, என்ஜினைப் போடவில்லை. இறக்கம்தானே, தானாகப் பழத்தின் மேல் ஏறிவிடும்.

"விடுங்க!"

கைப்பிரேக்கை இறக்கினேன். பழங்கள் நசுங்கின. பிரேக்கை மிதித்தேன். பெடல் இறங்கவில்லை. மறுபடி மிதித்தேன். கல்லை மிதித்த மாதிரி இருந்தது. கார் போய்க்கொண்டே இருந்தது. மனைவி சூடம் அணையாமல் கையால் மறைத்தபடி, தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான்! ஹேண்ட்பிரேக்க இழுங்க!"

இழுத்தேன். கார் உலுக்கி நின்றது. தட்டு சாலையில் விழுந்து உருண்டது.

கத்திய மனைவியின் தம்பி ஓடி வந்து கதவைத் திறந்தான். "என்ஜின் போடலையா?"

"போடல."

"சும்மா சும்மா மிதிச்சீங்களா?"

தலையாட்டினேன்.

"எலுமிச்சம்பழம் பத்தலன்னு அக்காவையே வெச்சீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அவன் பானெட்டைத் தூக்கி, பெடலுக்கு நேரே இருந்த கறுப்பு உருண்டை டப்பாவைக் காட்டினான். உள்ளே ரப்பர் தகடு ஒன்று அதை இரண்டாகப் பிரிக்கிறதாம். என்ஜின் ஓடும்போது இரண்டு பக்கத்துக் காற்றையும் உறிஞ்சிவிடும். பெடலை மிதித்தால் ஒரு பக்கம் மட்டும் வெளிக்காற்று புகுந்து தகட்டைத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் நம் காலுக்குத் துணை.

"என்ஜின் நின்னாலும் ரெண்டு மூணு மிதிக்கு அந்த உறிஞ்சல் தாங்கும். நீங்க உக்காந்த எடத்துலயே தீத்துட்டீங்க. பிரேக் போகல மச்சான், ஒத்தாசதான் போச்சு. முழு பலத்தோட மிதிச்சிருந்தா நின்னுருக்கும்லா."

இத்தனை வருடம் என் கால்தான் காரை நிறுத்துகிறது என்று நினைத்திருந்தேன்.

"மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான். சாவியைத் திருப்பினேன். கல்லாக இருந்த பெடல் என் காலுக்கடியில் மெல்ல உள்ளே இறங்கியது.

மனைவி சுற்றி வந்து பக்கத்தில் ஏறினாள். சேலையைச் சேர்த்துப் பிடித்தபோதுதான் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே, சேலையில் நம்பர் தகட்டின் ஈரச் சந்தனம் அப்பியிருந்தது.

"போலாமுங்க" என்றாள். அவள் அதை இன்னும் கவனிக்கவில்லை.

பெடலிலிருந்து காலை எடுக்க என்னால் முடியவில்லை.