பூட்டில்லாத சாவி

திண்டுக்கல்லில் பிறந்தவர்களுக்குச் சாவியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதிலும் என் அப்பா பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். அவர் செய்த சாவிகளிலேயே பெரியது எந்தப் பூட்டையும் திறக்காது. அது அத்தைக்காக அடித்தது. அப்பாவின் தங்கையான அத்தைக்கு வலிப்பு வரும். வந்தால் கையில் இரும்பைத் திணிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். மற்ற வீடுகளில் அந்த நேரத்தில் இரும்பைத் தேடி ஓடுவார்கள். பட்டறைக்காரர்கள் நாங்கள் அப்படி ஓடலாமா?

அந்தச் சாவியைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டு அத்தையின் பின்னாலேயே அலைவது எட்டு வயதில் என் உத்தியோகம். ஒவ்வொரு முறையும் வலிப்பை நிறுத்தியது நான்தான் என்று எனக்குக் கர்வம் வேறு. பெரும்பாலும் அது தானாகவே நின்றுவிடும் என்பதைப் படித்துப் பட்டம் வாங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தை ஆரம்பப் பள்ளி டீச்சர். ஒருநாள் கரும்பலகை முன்னாலேயே விழுந்துவிட்டாள். பிள்ளைகள் அலறி ஓடினார்கள். "குணமானதும் வாங்க டீச்சர்" என்று மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குணமாகும் என்று அவர்களும் நம்பவில்லை, நாங்களும் நம்பவில்லை. அத்தை மட்டும் சாக்பீஸ் டப்பாவைப் பத்திரமாகப் பரண்மேல் வைத்திருந்தாள்.

மூளைக்குள் நடப்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டும் மெஷின் மெட்ராஸில் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், அத்தை ஒற்றைக்காலில் நின்றாள். அப்பா கூட்டிப்போனார். சாவி போக வேண்டும் என்பதால் நானும் போனேன். "பெரிய டாக்டர் தலையைப் பாக்கப் போறாக" என்று அம்மா, அத்தையின் தலையில் தேங்காயெண்ணெயை வழிய வழியத் தேய்த்து, ஜடை பின்னி, மல்லிகைச் சரமும் வைத்து அனுப்பினாள். தலையில் கம்பிகளை ஒட்ட வேண்டிய நர்ஸம்மா அதைப் பார்த்துத் தன் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய் இருந்தால் ஒன்றும் ஒட்டாதாம். சோப்புப் போட்டு அலசி அலசியே பாதிக் காலை போயிற்று. மல்லிகை என் தலைக்கு வந்தது.

அத்தையைக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். பக்கத்தில் ஓடும் காகிதத்தில் பேனாக்கள் வரிசையாகக் கோடு இழுத்தன. நான் முன்கூட்டியே அத்தையின் கையில் திணித்திருந்த சாவியை டாக்டரம்மா பார்த்தார்.

"சாவியைக் கொடுத்துடுங்க. உடம்பை இறுக்காமப் படுக்கணும்."

அப்பா பதறிப்போனார். "இரும்பு இல்லேன்னா வந்துருமே, டாக்டரம்மா!"

"வந்தா நல்லது. எப்படிக் கிளம்புதுன்னு பாத்தாத்தான் சரியான மருந்து கொடுக்க முடியும்."

அத்தை சாவியை என்னிடம் நீட்டினாள். "நீ வச்சுக்க தாயி."

மூச்சை வேகமாக இழுத்து விடச் சொன்னார் டாக்டரம்மா. நான் மூலையில் நின்று, இரண்டு கையாலும் சாவியை இறுக்கிக்கொண்டு, வரக் கூடாது, வரக் கூடாது என்று மாரியம்மனை வேண்டினேன். அப்பாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது.

வந்துவிட்டது. அத்தையின் கண்கள் மேலே செருகின, இமைகள் துடித்தன. பேனாக்கள் எல்லாம் ஒன்றாகத் துள்ளின. சாவியோடு பாய்ந்த என்னை அப்பாவே பிடித்து நிறுத்திக்கொண்டார். டாக்டரம்மாவோ காகிதத்தைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையசைத்தார். அவரைக் கடித்துவைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

சற்று நேரத்தில் அத்தை எங்களைப் பார்த்தாள். "வந்துச்சாண்ணே?"

"வந்துருச்சு ஆத்தா" என்றார் அப்பா.

"மெஷின் எழுதிருச்சா?"

டாக்டரம்மா ஆமாம் என்றதும் அத்தை சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நாங்கள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்று கொடுத்த மாத்திரை கேட்டது. மறுவருஷம் சாக்பீஸ் டப்பா பரணிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போனது. அத்தையின் மூளை எழுதியது போன்ற கோடுகளைப் படிப்பதே பிறகு என் ஆராய்ச்சியும் பிழைப்பும் ஆனது. ஆனால் அன்று ஊர் திரும்பும் ரயிலில் நான் அழுதுகொண்டே வந்தேன். அம்புட்டு வேண்டியும் மாரியம்மன் என்னைக் கைவிட்டுவிட்டாளே என்று துக்கம். வரக் கூடாது என்று நானும் அப்பாவும் வேண்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், இந்த ஒருமுறை வந்துவிடு தாயே என்று அத்தையும் அவளையே வேண்டிக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.