மேஸ்திரியின் தட்டு

ஜோஸ்பினுக்குச் சோறு போட்டது சின்ன வெங்காயம். அவள் நாயைக் கொன்றதும் அதே சின்ன வெங்காயம்தான். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பேகம்பூரில் அப்துல் கையூமின் பிரியாணிக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே வெங்காயம் உரிப்பவள் அவள். புருஷன் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அந்த வேலைதான். உரிக்கும் பெண்களுக்கு நடுவே ஒரு செவலை நாய் கூடை கூடையாக முகர்ந்துகொண்டே நடக்கும். "மேற்பார்வைக்கு வந்துட்டாருடி மேஸ்திரி" என்று ஜக்கம்மாள் ஒருநாள் சொன்னாள். பேர் ஒட்டிக்கொண்டது. சம்பளத்தில் கைவைக்காத மேஸ்திரி அது ஒன்றுதான். படுக்கை ஜோஸ்பின் வீட்டு வாசலில். கூடவே மொட்டைவால் என்று ஒரு பெட்டை நாய்.

கடையில் மிஞ்சும் பிரியாணியைக் கையூம் பாய் தினமும் கட்டிக் கொடுப்பார். ஜோஸ்பின் அதை அலுமினியத் தட்டில் கொட்டுவாள். மேஸ்திரி முதலில் தின்னும். அது முடிக்கிறவரை மொட்டைவால் தள்ளியே உட்கார்ந்திருக்கும். திண்டுக்கல்லில் எந்த நாய்க்குக் கிடைக்கும் இப்படிச் சாப்பாடு என்று ஜோஸ்பினுக்குப் பெருமை.

ஒருநாள் மேஸ்திரி சுருண்டு படுத்தது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஆட்டோவில் போட்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டரம்மா உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"என்னக்கா போடுவீங்க இதுக்கு?"

"பிரியாணிதான் தாயி. நல்ல பிரியாணி."

"வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாதுக்கா. ரத்தத்தையே உடைச்சிரும்."

ஜோஸ்பின் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "யாரும் சொல்லலையே தாயி."

யாரும் சொல்லவில்லைதான். சொல்ல வேண்டியதை மனுஷருக்கே சொல்லாத உலகம், நாய்க்கா சொல்லப் போகிறது?

அன்று சாயங்காலமே மேஸ்திரி முடிந்துபோனது. மறுநாள் மொட்டைவாலைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன் ஈறும் வெளிறித்தான் இருந்தது.

"மிச்சத்தைத் தின்னதால இது தப்பிச்சிருக்கு. வெறுஞ்சோறு, வேகவச்ச ஈரல், முட்டை குடுங்க. உப்பு, மசாலா கூடாது. தின்னா தேறிரும்க்கா."

தின்றால்தானே? ஈரலை வேகவைத்துச் சோற்றில் பிசைந்து வைத்தாள். மொட்டைவால் தொடவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேடி" என்றாள் ஜக்கம்மாள், கொட்டகையில். "பிரியாணி தின்ன நாக்கு பத்தியச் சோத்துக்கு வளையுமா? ஏண்டி, அழுவுறியா?"

"வெங்காயம்க்கா."

"இம்புட்டு வருசமா உரிக்கிற. இப்பத்தான் ஒனக்கு வெங்காயம் காந்துதாக்கும்."

பேச்சு கல்லாவுக்கு எட்டிவிட்டது. கையூம் பாய் எழுந்து வந்தார்.

"நல்லதுன்னு நெனச்சுத்தானேம்மா குடுத்தேன்."

"நானும் நல்லதுன்னு நெனச்சுத்தான் பாய் போட்டேன்."

அவர் உள்ளே போய், மசாலா போடுவதற்கு முன்பே எடுத்த வெந்த கறித்துண்டு ஒன்றை இலையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். "இதை வச்சுப் பாரும்மா. மாட்டேங்காது."

மாட்டேன் என்றது. கறி வாசனை வாசலெல்லாம் அடித்தும் மொட்டைவால் எழுந்திருக்கவில்லை. விலா எலும்பு தெரிய, எப்போதும் உட்காருகிற தூரத்திலேயே உட்கார்ந்திருந்தது. தட்டைப் பார்த்தது. தெருமுக்கைப் பார்த்தது. மறுபடி தட்டைப் பார்த்தது.

அப்போதுதான் ஜோஸ்பினுக்கு விளங்கியது. காரணம் உப்பும் இல்லை, ருசியும் இல்லை. முதலில் தின்ன வேண்டியவன் இன்னும் வரவில்லை.

"அடியே, அவன் வரமாட்டான்டி" என்றாள். அதுவரை அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

தட்டின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு கை அள்ளித் தன் வாயில் போட்டாள். சப்பென்றிருந்தது. மென்று மென்று விழுங்கினாள்.

"மேஸ்திரி சாப்ட்டாச்சு. வா."

மொட்டைவால் அவள் வாயையே பார்த்தது. மெல்ல எழுந்து வந்து தட்டில் முகத்தை வைத்தது.

ஈறில் இப்போது சிவப்பு ஏறிவிட்டது. ஆனாலும் அந்த வாசலில் இன்றைக்கும் முதல் கவளம் ஜோஸ்பினுடையதுதான். உப்பில்லாமல்.