மேற்கையில் ஐந்து விரல்கள்

என் தம்பி மகளின் இடது மேற்கையில் இருந்த அடையாளங்களை நான் அடிமட்டம் வைத்து அளந்தேன். வெளிப்பக்கம் நான்கு, உட்பக்கம் ஒன்று. கடுந்தேநீரின் நிறம். விளிம்புகள் தெளிவாக இருந்தன. மோதிர விரலுக்குரிய கோட்டின் நடுவில் மட்டும் நிறம் மாறாத ஒரு சிறு இடைவெளி. முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டை நோக்கி இரண்டு மெல்லிய கீற்றுகள். எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். முப்பது வருடங்கள் பத்திரிகையில் வேலை செய்தவன் நான். நீதிமன்றச் செய்திகள்தான் அதிகம் எழுதினேன்.

"நோகுதோ, பிள்ளை?"

"நோகேல்லை, பெரியப்பா."

பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அவளுக்கு ஆறு வயது. தாய் காய்ச்சலில் இறந்தபோது மூன்று. தம்பி கட்டாரில் வேலை செய்கிறான். இரண்டு வருடங்களுக்கு முன் விடுமுறையில் வந்து, வடமராட்சிக் கரையோர ஊரொன்றிலிருந்து இரண்டாவது கல்யாணம் செய்துவிட்டுத் திரும்பிப் போனான். அதன் பின் சின்னம்மாவும் பிள்ளையும் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் எங்கள் பழைய வளவில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தார்கள். வெங்காயத் தோட்டம் செய்கிற எங்கள் சொந்தக்காரர்கள் சின்னம்மாவைப்பற்றிப் பேசும்போது "கடற்கரையாள்" என்பார்கள். அந்தச் சொல்லை என்ன குரலில் சொன்னார்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன். ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

அடையாளங்களை முதலில் கண்டது வகுப்பு ரீச்சர். அவர் இறந்த தாயின் தமக்கைக்குத் தொலைபேசியில் சொல்ல, அந்தப் பெரியம்மா நல்லூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பிள்ளையின் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, உங்களுக்குத்தானே உதெல்லாம் தெரியும். எத்தினை கேஸ் எழுதினனீங்கள். உது என்னெண்டு நீங்களே சொல்லுங்கோ."

தம்பியின் மனைவி குசினி வாசலில் நின்றாள்.

"நான் அடிக்கேல்லை."

"அப்ப ஆர் அடிச்சது? பேயோ?"

"தேர்த் திருவிழாவண்டு இவ சனத்துக்குள்ளை போயிட்டா. கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனான். அவ்வளவுதான். மூண்டாம் நாள் சிவந்து கிடந்தது. வேர்க்குரு எண்டு நினைச்சு எண்ணெய் பூசினனான்."

"வேர்க்குரு விரல் விரலாய் வாறதோ? நல்ல கதை."

தேர் முடிந்து ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. சனத்துக்குள் பிடித்து இழுத்த பிடி ஒன்பதாம் நாளும் கறுத்திருக்காது. இதை நான்தான் சொன்னேன். பிறகு செய்ததை எழுதவேண்டும். ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்து, அதில் வலது கையை விரித்து வைக்கும்படி அவளைக் கேட்டேன். அவள் மறுக்கவில்லை. பென்சிலால் விரல்களைச் சுற்றி வரைந்தேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலிருந்த தோல் கறுத்துக் கிடந்தது. முதல்நாள் எனக்கும் வாழைப்பொத்திச் சுண்டல் கொடுத்துவிட்டிருந்தாள். பொத்திக் கயர் பட்ட கறை என்று நினைத்தேன். தாளை வெட்டிப் பிள்ளையின் கையில் சுற்றிப் பார்த்தேன். பொருந்தியது. நிறம் மாறாத அந்த இடைவெளி அவளுடைய கல்யாண மோதிரம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"சரிதானே, அத்தான்?" என்று அவள் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. முடிவை அறிய விரும்பினாள்.

தம்பியை அழைத்தேன். அவன் வேலைத்தளத்தில் நின்றான். பின்னால் இயந்திரச் சத்தம்.

"நீங்கள் பாத்தனீங்களோ, அண்ணை?"

"ஓம். பாத்தனான்."

"நீங்கள் சொன்னால் சரி. பிள்ளையை நல்லூருக்கு அனுப்புங்கோ. மிச்சத்தை நான் வந்து கதைக்கிறன்."

அன்று பின்னேரமே பிள்ளை ஸ்கூட்டியின் முன்பக்கம் ஏறி நின்றாள். சின்னம்மா அவளுடைய உடுப்புகளை மடித்து ஒரு பையில் வைத்துக் கொடுத்தாள். தண்ணீர்ப் போத்தலையும் மறக்கவில்லை. அவள் பிள்ளையைக் கொஞ்சவில்லை. பெரியம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு கிழமையில் செய்தி ஊர் முழுக்கப் போனது. அவள் சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். சாமான் வாங்க என்னையே அனுப்பினாள், தாளில் எழுதிக் கொடுத்து. பிள்ளையைத் திருப்பித் தருவார்களா என்று ஒருமுறைதான் கேட்டாள். தம்பி வந்து முடிவெடுப்பான் என்றேன்.

எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இரத்தம் கட்டிய கண்டல் காயம் நிறம் மாறும் என்று வைத்தியர்கள் சாட்சி சொல்ல எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். நீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும், பிறகு மறையும். நல்லூரிலிருந்து பெரியம்மா வட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களில் இந்த அடையாளங்கள் இன்னும் கறுத்துக்கொண்டே போயின. அவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறாள் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு வைத்தியக் கடிதம் வேண்டுமென்று பெரியம்மா பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் போனேன். அங்கிருந்து தோல் கிளினிக்குக்கு அனுப்பினார்கள். விறாந்தையில் நீண்ட வரிசை. முன்னால் இருந்த பெண்ணின் இரண்டு கன்னங்களிலும் சாம்பல் படிந்ததுபோல் படை. வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றை முகநூலில் பார்த்து வாங்கிப் பூசியதாகப் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொன்னாள். ஒரு முதியவருக்குத் தலைச்சாயம் பட்ட நெற்றியோரம் கறுத்திருந்தது. இன்னொருவர், தோட்டக்காரர், பாதத்தில் செருப்புப் பட்டியின் வடிவிலேயே கருமை. ஒருவரும் கதறவில்லை. எல்லோரும் தங்கள் அடையாளத்தைக் கையால் மறைத்துக்கொண்டு இருந்தார்கள்.

வைத்தியர் இளம்பெண். பிள்ளையின் மேற்கையை அதிகம் பார்க்கவில்லை. முழங்கைக்குக் கீழே இருந்த அந்த இரண்டு கீற்றுகளைத்தான் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"ஐயா, அடி வழிஞ்சு ஓடுமோ?"

எனக்கு விளங்கவில்லை.

"உது வழிஞ்ச கோடு. ஏதோ தண்ணி கையாலை வழிஞ்சிருக்கு. பிள்ளையைப் பிடிச்சவ அண்டைக்குத் தேசிக்காய் பிழிஞ்சவவோ?"

தேர் அன்று தண்ணீர்ப்பந்தலில் அவள் காலையிலிருந்து தேசிக்காய் பிழிந்துகொண்டிருந்தாள். ஒரு சாக்கு எலுமிச்சை. அந்தக் கையோடுதான் ஓடிப்போய்ப் பிள்ளையைப் பிடித்து இழுத்து வந்து பந்தலுக்கு முன்னால் நிறுத்தினாள். தேர் வீதி சுற்றி இருப்புக்கு வரும்வரை பிள்ளை கையில்லாச் சட்டையோடு அந்த வெயிலில் நின்றாள். நான் பந்தலுக்குள் இருந்து மோர் குடித்துக்கொண்டு பார்த்தேன்.

"சாறு தோலிலை இருக்க வெயில் பட்டால் எரிஞ்சமாதிரி வரும். ரெண்டு மூண்டு நாளிலை சிவக்கும். பிறகு கறுக்கும். மறைய மாசக்கணக்காகும், வெயில் படாமல் வைச்சிருங்கோ," என்றார். பிறகு, "அவவின்ரை கையிலும் கறுத்திருக்குமே. ஒருத்தரும் பாக்கேல்லையோ?" என்றார்.

பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் பார்த்திருந்தேன். தாளில் வைத்து வரைந்துமிருந்தேன்.

அன்றே பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தம்பியின் மனைவி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் வைத்தியர் சொன்னதை, நீதிமன்றச் செய்தி எழுதுவதுபோல், ஒன்றும் விடாமல் சொன்னேன். மன்னிக்கச் சொல்லியும் கேட்டேன். பெரியம்மா அழுதார். அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றாள்.

அது ஆவணியில். இப்போது மார்கழி. பிள்ளைக்கு நேரத்துக்குச் சாப்பாடு இருக்கிறது. உடுப்பு தோய்த்து மடித்திருக்கிறது. வீட்டுப் பாடத்துக்குச் சின்னம்மா பக்கத்தில் இருக்கிறாள். குளிக்க வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டு வெளியே நிற்கிறாள். முதுகு தேய்த்துவிடுவதில்லை. காலையில் பிள்ளை சீப்போடும் இரண்டு ரிபனோடும் என் வீட்டுக்கு வருகிறாள். நான் பின்னுவது பள்ளிக்கூடம் போய்ச் சேருமுன் அவிழ்ந்துவிடுகிறது.

"நீங்கள் ஒருக்கா தலையை இழுத்துப் பின்னிவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"தலைமயிரை இழுத்தாலும் சிவக்கும், அத்தான்."

தம்பி தொலைபேசியில் எடுத்துச் சொன்னான். "ஓம்" என்று கேட்டுக்கொண்டாள். ஒன்றும் மாறவில்லை.

போன கிழமை பள்ளிக்கூடம் விட்டபின் மூவரும் சப்பாத்து வாங்கச் சுன்னாகத்துக்குப் போனோம். சந்தைக்கு முன்னால் தெருவைக் கடக்க வேண்டும். மழை விட்டிருந்தது. பஸ், லாண்ட்மாஸ்டர், முச்சக்கரவண்டி எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வந்தன. நான் இரண்டடி பின்னால் நின்றேன். அவள் பிள்ளையின் புத்தகப்பைப் பட்டியைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்தாள். பிள்ளை வெறுங்கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி நின்றாள்.

"சின்னம்மா, கையைப் பிடியுங்கோ."

"பையைப் பிடிச்சிருக்கிறன்தானே. நட."