மூன்றும் ஒரே நேரத்தில்

பருத்தியில் பூச்சி விழுந்தால் என்ன அடிக்க வேண்டும் என்று பந்தல்குடிச் சுற்றுவட்டாரத்தில் என்னைக் கேட்டுவிட்டுத்தான் பலர் மருந்துக் கடைக்குப் போவார்கள். அதனால் எல்லா மருந்தும் எனக்குத் தெரியும் என்று ஒரு திமிர். அது என் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

பன்னிரண்டு வருடமாக எனக்கு வயிற்றெரிச்சல். மோர், சோடா, மணத்தக்காளிக் கீரை என்று ஓட்டினேன். "நேரத்துக்குச் சாப்பிட்டா ஏன் வருது?" என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னையே குற்றம் சொன்னார்கள். வீட்டில் எனக்கு மட்டும் காரமில்லாக் குழம்பு. போன வருடம் ஒரு காலையில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. வரப்பிலேயே மயங்கி விழுந்தேன்.

மதுரையில் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் ஒரு குழி, நடுவில் ரத்தம் கசிந்து உறைந்த கறுப்புப் புள்ளி. அதைப் படமாகவும் எடுத்துக் கொடுத்தார்கள். இதற்குக் காரணம் ஒரு கிருமி என்றார் டாக்டரம்மா. எலும்போடு கறியைக் கரைக்கிற அமிலத்தில் ஒரு உயிர் வருடக்கணக்காகக் குடியிருக்கிறதாம்.

"மூணு மாத்திரையும் சேர்த்து, ரெண்டு வேளை, பதினாலு நாள். விடக் கூடாது. மறுபடி ரத்தம் கசிஞ்சா உயிருக்கு ஆபத்து" என்றார்.

புண் இருக்கிற வயிற்றில் மூன்று மாத்திரையா? சூடு தாங்குமா? நானே ஒரு கணக்குப் போட்டேன். ஒரு அட்டையை முடித்துவிட்டு அடுத்த அட்டை என்று தனித்தனியாகத் தின்றேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

எரிச்சல் அடங்கின மாதிரி அடங்கித் திரும்ப வந்தது. பரிசோதனையில் கிருமி அப்படியே இருந்தது. டாக்டரம்மா துருவித் துருவிக் கேட்டதில் உண்மையைக் கக்கினேன். அவர் பேசுவதற்குள் பக்கத்தில் இருந்த என் மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

"பருத்திக்கு மூணு மருந்த ஒரே டேங்க்ல கலந்து அடிக்கிறீக. ஒங்க வயித்துக்கு மட்டும் தவணை முறையோ?"

டாக்டரம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு அமிலத்தை அடக்கும். அது அடங்கினாத்தான் மத்த ரெண்டும் நல்லா வேலை செய்யும். அந்த ரெண்டும் கிருமியை ஆளுக்கொரு பக்கமா அடிக்கும். மருந்து ஒத்தையா வந்தா கிருமி அதுக்குப் பழகித் தப்பிச்சுக்கும்." பழைய மாத்திரை இனி கேட்காது என்று வேறு மூன்று எழுதிக் கொடுத்தார்.

பதினான்கு நாளும் என் மனைவி காவல் நின்றாள். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் ஒன்று, சாப்பிட்டதும் இரண்டு. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்ட வேண்டும். வாயெல்லாம் கசப்பு, வயிறு கடமுடா. களையெடுக்க வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி குழாய். திரையில் அந்தக் குழியைத் தேடினேன், காணவில்லை. "இதுதான் அந்த இடம்" என்று டாக்டரம்மா காட்டிய இடத்தில் சின்னதாக ஒரு வெளிர்த் தழும்பு மட்டும் இருந்தது. கிருமியும் இல்லை என்று பிறகு முடிவு வந்தது. நகத்தளவு மாத்திரைகள் ஒன்றாகச் சேர்ந்ததும் பன்னிரண்டு வருடத்தை மூடிவிட்டன. நான் விதை முளைக்கிறதை எத்தனையோ தடவை பார்த்தவன். ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முடிவு வந்த அன்று மத்தியானம் இரண்டு படங்களையும் மனைவியிடம் கொடுத்தேன். மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மிளகாய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். எனக்குக் கொஞ்சமாக ஊற்றிவிட்டு, தன் தட்டிலும் ஊற்றி ஒரு வாய் வைத்தாள். உடனே புரையேறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"என்ன, இந்தக் காரத்துக்கா?" என்றேன்.

"பழக்கம் விட்டுப் போச்சு. ஒங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணுன்னு யாரு ரெண்டு குழம்பு வைக்கிறது?" என்றாள்.

பன்னிரண்டு வருடமும் அவள் என் குழம்பைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு அது தெரியவே தெரியாது.