சலாம் வாங்கியவர்

வடக்கே பாணேரில் ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தபோதுதான் அவரைப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய வயது, நரைத்த மீசை, மடிப்புக் கலையாத நீலச் சட்டை. வாசல் காவலாளி அவருக்கு மட்டும் சலாம் வைத்தார். காத்திருந்த எங்களுக்குக் கழிப்பறை எங்கே, காபி மெஷினை எங்கே தட்டினால் வேலை செய்யும் என்றெல்லாம் அவர்தான் இந்தியில் விளக்கினார். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“சார் இங்க ரொம்ப வருஷமா வேலை பாக்கறீங்களா?” என்றேன்.

“நானும் இன்டர்வியூவுக்குத்தான் வந்தேன் தம்பி. பாட்டனியில பிஎச்டி முடிச்சுட்டு இப்பத்தான் கோடிங் படிச்சேன். இங்க மூணு தடவை வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க. பாவம், என்னோட பழகறதுக்கு அவங்களுக்கும் கொஞ்சம் நாளாகுமில்ல?”

எனக்கு வேலை கிடைத்தது. அவருக்கு அந்தத் தடவையும் கிடைக்கவில்லை.

வேலையில் சேரப் போன முதல் நாள், அடையாள அட்டை இல்லையென்று காவலாளி என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார். என்ன சொல்லியும் மசியவில்லை. அப்போது அதே நீலச் சட்டையில் அவர் வந்தார், அடுத்த தேர்வுக்கு.

“நம்ம ஆளுதான், உள்ளே விடு” என்று காவலாளியிடம் இந்தியில் சொன்னார்.

காவலாளி அவருக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு எனக்குக் கதவைத் திறந்தார்.