மச்சானிடம் கேட்ட பத்துச் செய்யுள்

கடந்த வருடம், செட்டிபாளையத்துக்குக் கிட்ட எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலில் புராணப் படிப்பு நடந்த நாட்கள் அவை. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, இன்னொருவர் அதற்குப் பயன் சொல்வார். விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் நான் சொன்னால் மறுநாள் என் மச்சான், அப்பாவின் சகோதரியான மாமியின் மகன், சொல்வார். இருவரும் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள்தான். ஆனால் அவருடைய நாளில் மண்டபம் நிறையும். விளக்கத்துக்கு நடுவே பழைய நூல்களிலிருந்து மேற்கோள் செய்யுள்களை அள்ளி விடுவார். நான் திருநீறும் பூசிக்கொண்டு தூணோரம் இருந்து எரிந்துகொண்டிருப்பேன்.

அப்போது பல்கலைக்கழகப் பிள்ளையொன்று மடிக்கணினியோடு வந்தது. எங்கள் மேற்கோள்களைப் பதிய வேண்டுமாம். செய்யுளுக்கு ஒரு புள்ளி, அது வந்த நூலுக்கு ஒரு புள்ளி, சொன்னவருக்கு ஒன்று, அவர் யாரிடம் கேட்டாரோ அவருக்கு ஒன்று. நடுவே கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் அது என்ன உறவு என்ற குறிப்பு.

“பிறகு ஆர் கேட்டாலும் கணினி வழி பிடிச்சுச் சொல்லும் ஐயா.”

திரையில் மச்சானைச் சுற்றி, வாவியில் வலை விரித்ததுபோலக் கோடுகள். எனக்கு ஆறே ஆறு.

மறுநாள் பிள்ளையிடம் புதிதாகப் பத்துச் செய்யுள் சொன்னேன். எல்லாம் மச்சான் வாயால் கேட்டு மனனம் செய்தவை.

“ஆரிட்டக் கேட்டீங்க ஐயா?”

“அப்பாக்கிட்டத்தான்.”

கோயில் வாசலில் நின்றே சொன்னேன். அப்பா அந்நாளில் பயன் சொல்வதில் பேர்போனவர். அவர் சொல்லும்போதெல்லாம் நான் வெளியே கச்சான் கடலை கொறித்துக்கொண்டு திரிந்தவன்.

கடைசி நாள் பூசை முடிந்ததும் பிள்ளை எல்லோருக்கும் திரையைக் காட்டியது. அந்தப் பத்துச் செய்யுளுக்கும் மச்சானிடமிருந்து ஒரு கோடு என் அப்பாவுக்குப் போனது. தன் மாமாவிடம், அதாவது என் அப்பாவிடம், கேட்டதாக மச்சான் முன்பே பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. என்னிடமிருந்தும் ஒரு கோடு அப்பாவுக்கு.

“ரெண்டு பேர் தனித்தனியாக் கேட்டிருக்கிறீங்க. சாட்சி ரெண்டு. இனி உறுதி எண்டு குறிச்சிடுவன்” என்று பிள்ளை சந்தோசப்பட்டது.

சபை தலையாட்டியது. என் அப்பாவின் வாயிலிருந்து வந்ததையும் மச்சான்தானே வாங்கிக்கொண்டார் என்று எனக்கு இன்னும் எரிந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அப்பாவின் பேருக்குப் பக்கத்தில் என் பொய் சாட்சியாக நிற்கும். பிள்ளையார் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“புள்ள, என்ட கோட்டை மாத்துங்க. நான் அப்பாக்கிட்டக் கேக்கல்ல. மச்சான்ட வாயாலதான் கேட்டன்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான்தான் முதலில் சிரித்தார்.

“அப்ப மச்சான், நான் சொல்லக்குள்ள நித்திரை மாதிரி கண்ணை மூடிக்கிட்டு இருந்தது இதுக்கா?”

எல்லோரும் சிரிக்க, நானும் சிரித்தேன். பிள்ளை என் கோட்டை அப்பாவிடமிருந்து எடுத்து மச்சானில் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மட்டும் எனக்குக் கண் கலங்கியது.

இப்போது அந்தச் செய்யுள்களைச் சொல்லும்போது, மச்சானிடம் கேட்டது என்று சபையில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். பொறாமை முழுதாகப் போய்விட்டதென்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் அப்பா பயன் சொன்ன நாட்களில் மச்சான் மண்டபத்துக்குள் இருந்து கேட்டிராவிட்டால் என் அப்பாவின் சொல்லில் ஒன்றுகூட என்னிடம் வந்திராது என்று நினைக்கும்போது, கை தானாகக் கும்பிடப் போகிறது.