அப்பா குத்திவிட்ட நான்கு பந்துகள்

தோல் பந்தின்மீது மூடிய கை மோதும்போது எழும் சத்தத்தை நீங்கள் கேட்டதுண்டா? ஈர மணல்மூட்டையைத் தரையில் போட்டதுபோல் "தொப்" என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்கு உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன், வாசகரே. ஒரே மாலையில் அது நான்கு முறை கேட்டது. நான்கு முறையும் பந்தைக் குத்தியவர் என் அப்பா. நான்கு முறையும் புள்ளி பெற்றது எதிரணி.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் எஞ்சினியர். குடியிருப்பு, கம்பெனி "காம்பவுண்டில்". அங்கிருந்த ஆஸ்திரேலியர்கள் தங்கள் நாட்டுக் கால்பந்துக்கென்று ஓர் அணி திரட்டியபோது ஆள் போதாமல், கோபிச்செட்டிபாளையத்தில் கல்லூரி நாள்களில் வாலிபால் ஆடிய அப்பாவின் உயரத்தைப் பார்த்து, கேப்டன் கிரெக் அவரைக் கடைசித் தடுப்பாளராக நிறுத்தினார். முட்டை வடிவப் பந்து. அதைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம். எதிரணி உதைத்த பந்து நம் பக்கத்து உயரக் கம்பங்கள் இரண்டுக்கும் நடுவே யார் கையும் படாமல் போனால் அவர்களுக்கு ஆறு புள்ளி. நம் கை பட்டுப் போனால் ஒன்று மட்டுமே.

அந்த ஒன்றைத்தான் கிரெக் தாராளமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். மற்ற தடுப்பாளர்கள் எம்பிப் பந்தைப் பிடித்து ஆட்டத்தையே திருப்புவார்கள். அப்பா பக்கம் பந்து வந்தால் மட்டும் "பஞ்ச், சென், பஞ்ச்" என்று கேப்டனின் குரல் பறந்து வரும். செந்தில்குமார் என்ற முழுப்பெயர் அவர் வாயில் நுழைந்ததில்லை. அப்பாவும் மறுபேச்சின்றிப் பந்தை நம் கம்பங்களுக்கு நடுவிலேயே குத்தித் தள்ளிவிடுவார்.

என் சந்தேகத்துக்கு உரம் போட்டவர் பக்கத்து வீட்டுச் செல்வம் மாமா, கிரேன் சூப்பர்வைசர், மடக்கு நாற்காலியும் தேநீர் "பிளாஸ்க்குமாக" விடுமுறை நாளான வெள்ளிதோறும் ஆட்டம் பார்க்க என்னோடு உட்காருபவர். "மத்தவன்லாம் புடிக்கிறான், உங்கப்பாவ மட்டும் குத்தச் சொல்றான் பாத்தியா? தோத்தா யாரச் சொல்லுவாங்க? இதுல உள்குத்து இருக்கு தம்பி." பள்ளிப் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கி இரண்டு வாரமே ஆகியிருந்த எனக்கு, அது போதுமானதாக இருந்தது.

அன்றைய ஆட்டத்தில் வென்றால் துபாய்ப் போட்டிக்குப் போகலாம்; அப்பா "லீவ்" கூடச் சொல்லி வைத்திருந்தார். இரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அப்பா குத்திக் கொடுத்தவையோ நான்கு. இந்தத் தோல்வியை அவர் தலையில் கட்டி அணியைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. வியர்வையோடு எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்தில், ஐஸ்பெட்டிமேல் ஏறி நின்று, ஆங்கிலத்தில், என் முதல் பொதுமேடைப் பேச்சைத் தொடங்கினேன். ஒரே அணியில் இரண்டு சட்டங்கள் ஏன்? பிடிக்கும் பெருமை உங்கள் நாட்டவருக்கு, குத்தும் பழி என் தந்தைக்கா? இதைத் திட்டமிட்டவர் யார்?

கிரெக் அப்பாவைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, "நியாயமான கேள்விதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். அந்த மௌனத்தை நான் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குக் கையை உயர்த்தியபோது, அப்பா அருகில் வந்தார். மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில், மெதுவாகச் சொன்னார்:

"எறங்கு கண்ணு. எனக்குப் பந்து புடிக்க வராது. வாலிபால்ல அடிச்சு அடிச்சுப் பழகின கையி, புடிக்கப் போனா நழுவிப்போயிருது. மொத ரெண்டு மேட்சுல ஆறு ஆறாக் குடுத்தவன் நாந்தான். அவன் வேற ஆளப் போட்டிருக்கலாம். போடல. குத்துனாப் போதும்னு வெச்சுக்கிட்டான்."

செல்வம் மாமா பிளாஸ்க்கின் மூடியை அவசியமில்லாமல் இறுக்கினார். "கலாஸ் தம்பி, முடிஞ்சுது, வீட்டுக்குப் போலாம்" என்றார். அப்பா ஒளித்து வைத்திருந்த ஒன்றை ஊரறியச் செய்ய இருந்தவன் நான்; என்னிடம் வசை வாங்கிக்கொண்டும் அதைக் காத்து நின்றவர் கிரெக். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். என் தலையைத் தட்டி, நன்றாகப் பேசினாய் என்றார். அதையும் சந்தேகப்பட்டேன்.

இப்போது அந்தப் புல்தரையில் வரிசையாகக் கொட்டகைகள். கிரெக் ஊர் திரும்பி வெகுநாளாயிற்று, அணி கலைந்துவிட்டது. நான் கோவையில் கல்லூரி மேடைகளில் வாதாடுகிறேன். எதிரணி பதில் சொல்லாமல் நிற்கும்போது அரங்கம் எனக்குக் கைதட்டுகிறது. எனக்கோ அந்த மௌனத்துக்குள் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்ற ஐயம்தான் முதலில் எழுகிறது.

அன்று காருக்கு நடக்கும்போது அப்பாவிடம் நான் உரக்கச் சொன்னது இதுதான்: "நாளையிலிருந்து தினமும் நான் எறியறேன், நீங்க புடிங்கப்பா. நீங்க புடிக்கிற வரைக்கும் கேப்டனப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். புடிச்சதுக்கப்புறமும் அவரு குத்தச் சொன்னா, மறுபடியும் பெட்டி மேல ஏறுவேன்."